சிலை நிற்கும் மண்

1950-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், மராட்டிய நாட்டுக் கோலாப்பூர் நகரில், பிந்து சௌக் என்னும் நாற்சந்தியில் இரண்டு சிலைகள் நிறுவப்பெற்றன. ஒன்று, பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் கல்விக் கண் திறந்த மகாத்மா ஜோதிராவ் புலே அவர்களுடையது. மற்றொன்று, அண்ணல் அம்பேத்கர் அவர்களுடையது. அண்ணல் அப்போது நாட்டின் சட்ட அமைச்சராக வீற்றிருந்தார். அவருக்கு எழுந்த முதற்சிலை அதுவே என்பர். அதனை முன்னின்று அமைத்தவர், ஓவியரும் சீர்திருத்தவாதியுமான மாதவராவ் பாகல்.

கோலாப்பூருக்கு இப்பெருமை தற்செயலாக வாய்த்ததன்று. அந்நகரின் மன்னர் சாகு மகராஜ், 1902-லேயே அரசுப் பணிகளில் பாதியைப் பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கியவர். 1920-இல் மாண்காவ் மாநாட்டில், இளைஞராயிருந்த அம்பேத்கரை ஒடுக்கப்பட்டோரின் தலைவர் என அறிவித்தவரும் அவரே.

சிலையைப் பார்க்கும் நாம், அது நிற்கும் மண்ணையும் பார்த்தல் வேண்டும். தெருவும் குளமும் பூங்காவும் பொதுவிடங்கள் எனப் பெயர் பெற்றிருந்தும், நம் முன்னோர்க்கு அவை பொதுவாக இருந்ததில்லை. சாலை, கிணறு, குளம் முதலியன எல்லார்க்கும் உரியன என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து வென்றவர் இரட்டைமலை சீனிவாசனார். 1927 மார்ச் 20-இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் தண்ணீர் பருகினார். அவ்வுரிமையை உயர் நீதிமன்றம் உறுதி செய்ததோ 1937-இல்தான். ஒரு கை நீருக்குப் பத்தாண்டு வழக்கு! இன்று அதே குளத்தில் அண்ணலின் சிலை நிற்கிறது.

1967 ஏப்ரல் 2-இல் நாடாளுமன்ற வளாகத்திலும் அவருடைய வெண்கலச் சிலையைக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஆயினும் தமிழகத்தின் பல ஊர்களில் அச்சிலை இன்றும் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. 2019 ஆகஸ்டில் வேதாரணியத்தில் அது உடைக்கப்பட்டது. மறுநாளே புதிய சிலை நிறுவப்பட்டது. உடைந்த சிலையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். உடைக்கும் மனத்தை மாற்ற நெடுங்காலம் வேண்டும்.

அந்த நெடிய பணிக்கு அண்ணல் தேர்ந்த கருவி கல்வி. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். தூத்துக்குடி உப்பளங்களிலும் துறைமுகத்திலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகளே! ஆண்டுக்கொருமுறை சிலைக்கு மாலை சூட்டுங்கள். மற்ற நாள்களில் அதன் நிழலில் அமர்ந்து நூல்களைப் படியுங்கள். அம்மண்ணில் அமரும் உரிமைக்காகவே நம் முன்னோர் போராடினர்.