பொறியுருவங்களைப் பழுதுபார்த்தல்: திப்புவின் புலியும் அல் ஜஸரீயின் நூலும்

பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்வோர் இன்று காணும் கோட்டை, 1974 ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையாகும். கட்டபொம்மனின் கோட்டை மண்ணால் ஆனது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் தலைமையில் வந்த கும்பினிப் படை அதனைக் கைப்பற்றியது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், கோட்டையும் இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2 இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். அடுத்த சில நாள்களுக்குள் அக்கோட்டை மீண்டும் எழுந்து நின்றதைக் கண்டு ஆங்கிலேய அதிகாரிகள் திகைத்தனர். மண்ணைக் குழைத்து மதில் எழுப்பும் நுட்பம் அம்மக்களின் கைகளில் இருந்தது. ஆனால் அதை எவரும் எழுதிவைக்கவில்லை. மே 24 இல் கோட்டை மறுபடியும் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டு, அதன் மக்களும் சிதறடிக்கப்பட்டபோது அந்த நுட்பமும் அவர்களோடு சிதறிப்போயிற்று.

அதே 1799 ஆம் ஆண்டு மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் ஷஹீதானார். அவரது அரண்மனையிலிருந்து கும்பினியார் எடுத்துச் சென்ற பொருள்களுள் ஒரு பொறியுருவமும் இருந்தது. செய்தவன் மறைந்த பின் மனித உருவப் பொறியொன்றைப் பிறர் பழுதுபார்த்தால் என்ன நேரும் என்பதற்கு அது தக்க சான்றாகும்.

புலியின் வயிற்றுக்குள்

ஐரோப்பியன் ஒருவனை வீழ்த்தி அவன்மேல் படுத்திருக்கும் புலி. ஏறத்தாழ 178 செ.மீ. நீளமுள்ள மரச் சிற்பம். புலியின் தோள்புறத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளேயுள்ள துருத்திகள் இயங்கும். மனிதனின் மார்புக்குள் இருக்கும் துருத்தி தொண்டைக் குழாய் வழியே காற்றைத் தள்ளும்போது அவன் ஓலமிடுவான். அவனது இடக்கை மேலும் கீழும் அசையும். புலியின் தலைக்குள்ளிருக்கும் மற்றோர் அமைப்பு உறுமலை எழுப்பும். புலியின் விலாப்புறக் கதவைத் திறந்தால் 18 தந்தக் குமிழ்களையுடைய சிறு இசைப்பெட்டி ஒன்று காணப்படும்.

இலண்டனில் கும்பினியின் தலைமையகத்தில் 1808 முதல் காட்சிக்கு வைக்கப்பட்ட இப்புலி, பின்னர் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தை அடைந்தது. பார்வையாளர்கள் ஓயாது கைப்பிடியைச் சுழற்றியதால், அருகிலிருந்து படித்தவர்கள் முறையிட்டனர் என்பது வரலாறு. மூலக் கைப்பிடி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொலைந்துபோக, வேறொன்று பொருத்தப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியக் குண்டுவீச்சால் கூரை சரிந்து, மரக்கூடு நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைந்தது. அவை பொறுமையுடன் ஒட்டப்பட்டு, 1947 அளவில் புலி மீண்டும் காட்சிக்கு வந்தது.

புறவுடல் இவ்வாறு மீண்டது. அகவுறுப்புகளின் கதை வேறு. தானியங்கு இசைக்கருவிகளை ஆராய்ந்த ஆர்தர் ஆர்ட்-ஹியூம், முந்தைய பழுதுபார்ப்புகளால் அதன் மூல இயக்கமுறை பெரும்பகுதி அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். பழுதுபார்த்தோர் கைத்திறன் அற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. மைசூர்க் கைவினைஞர் எந்தக் குழாயை எந்தச் சுருதிக்கு அமைத்தனர், எந்தத் துருத்தியை எதனோடு இணைத்தனர் என்பதைச் சொல்லும் ஏடு எதுவும் அவர்கள் கையில் இல்லை. அவர்கள் தாம் அறிந்த ஐரோப்பிய முறையிலேயே சீர்செய்தார்கள். சீர்செய்தல் அங்கே மாற்றியமைத்தலாக முடிந்தது.

பழுதுபார்ப்போர்க்கும் பயன்படும் நூல்

இதற்கு நேர்மாறான ஒரு மரபு இஸ்லாமிய உலகில் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் ஏறத்தாழ நூறு கருவிகளை விளக்கினர். அவர்களுக்குப் பின் தியார்பக்ரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய பதீஉஸ் ஸமான் அல் ஜஸரீ, ஹிஜ்ரி 602 இல் (கி.பி. 1206) தமது பெருநூலை நிறைவுசெய்தார். ஆறு வகைகளில் ஐம்பது கருவிகள் அதில் இடம்பெறுகின்றன. கோட்டைக் கடிகாரத்தில் முரசறைவோரும் எக்காளம் ஊதுவோரும் உள்ளனர். படகொன்றில் நான்கு இசைவாணர் அமர்ந்துள்ளனர். உளூச் செய்யும்போது பணியாளர் தம் கையில் நீர் வார்ப்பதை விரும்பாத மன்னருக்காக, கூஜா ஏந்தி நிற்கும் ஒரு பொறிப் பணியாளையும் அவர் செய்தார்.

உருவங்கள் பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் அக்காலத்திலும் இருந்தது. அது தனியே விரித்துப் பேசத்தக்கது. இங்கு நாம் கருதுவது அவரது தொழில்நுட்பத்தையே.

அல் ஜஸரீ பொறியின் வியப்பை மட்டும் வருணித்து நிற்கவில்லை. வால்வின் அடைப்பையும் அது அமரும் இருக்கையையும் குருந்தக்கல் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்தால்தான் நீர் கசியாது என்கிறார். பலகைகளை அடுக்கி ஒட்டினால் மரம் கோணாது. சக்கரத்தைச் சமநிலை பார்த்த பின்னரே பூட்டவேண்டும். உறுப்புகளை முதலில் காகிதத்தில் மாதிரி செய்து பார்க்கவேண்டும். உலோகத்தை மூடிய அச்சுப்பெட்டியில் மணலிட்டு வார்க்கவேண்டும். இவை யாவும் பட்டறையில் நின்றவரின் சொற்கள். படங்களில் ஒவ்வோர் உறுப்புக்கும் அரபு எழுத்தால் குறியிட்டு, விளக்கத்தில் அதே எழுத்தால் சுட்டுகிறார். ஓர் உறுப்பு தேய்ந்துபோனால் அது எது, அதன் பணி யாது என்பதைப் பின்வருவோர் அறியலாம்.

முன்னோரின் கருவிகளையும் அவர் சோதித்தே ஏற்றார். நீர்க்கடிகாரத்தில் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பழைய முறையை ஆய்ந்து, அது பிழையான அளவு தருவதைக் கண்டு, தாமே புதிய அமைப்பை உருவாக்கினார். பழைய முறை இது, அதன் குறை இது, என் மாற்றம் இது என்று மூன்றையும் பதிவுசெய்தார். படகு இசைவாணரின் முரசொலி, சுழலும் உருளையில் பதித்த முளைகள் நெம்புகோல்களைத் தட்டுவதால் எழுகிறது. முளைகளின் இடத்தை மாற்றினால் தாளமும் மாறும் என்று, அதைச் செய்து பார்த்த பிரிட்டிஷ் அறிஞர் நோயல் ஷார்க்கி கருதுகிறார்.

பயன் என்ன? 1974 இல் டொனால்ட் ஹில் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1976 இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், 770 ஆண்டுப் பழமையுள்ள இந்நூலைக் கொண்டே கோட்டைக் கடிகாரம் மீண்டும் உருவாக்கப்பட்டது. மூலப்பொறியின் ஒரு திருகுகூடக் கிடைக்காத நிலையில் அது இயங்கியது. உடல் முழுவதும் எஞ்சியிருந்த திப்புவின் புலியோ தன் பழைய குரலை இழந்துவிட்டது.

இல்மும் அமலும்

அல் ஜஸரீயின் நூற்பெயரே 'அல் ஜாமிஉ பைனல் இல்மி வல் அமலின் நாஃபிஇ ஃபீ ஸினாஅத்தில் ஹியல்'. பொறிக்கலையில் அறிவையும் பயனுள்ள செயலையும் ஒன்றிணைப்பது என்பது அதன் பொருள். நம் சமுதாயத்தில் இவ்விரண்டும் நெடுங்காலமாகப் பிரிந்து கிடக்கின்றன. மதரஸாவில் கிதாபு ஓதுவோர் பட்டறையை அறியார். பட்டறையில் இருப்போர் ஏட்டைத் தொடார். தூத்துக்குடிக் கரையில் தோணி கட்டிய ஓடாவிகளின் கணக்கும், முத்துக்குளித்தோரின் கடலறிவும் தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்தன. முத்துக்குளிப்பு நின்றதும் அவ்வறிவுக்கு வாரிசு இல்லாமற் போயிற்று.

2020 ஜனவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 'வியோமமித்ரா' என்னும் பெண்ணுருவப் பொறியை பெங்களூரில் அறிமுகப்படுத்தியது. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துருத்திக்கும் நெம்புகோலுக்கும் பதிலாக மின்மோட்டாரும் உணர்விகளும் வந்துவிட்டன. இவற்றைத் திறந்து பார்க்கவும் சீர்செய்யவும் யாருக்கு வழி இருக்கும் என்ற வினா மட்டும் பழையதே. வாங்கிய பொருளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022 டிசம்பரில் இணையதளம் ஒன்றைத் தொடங்கியதும் இவ்வினாவின் ஒரு பகுதியே.

அல் ஜஸரீயின் அரபு மூலம் 1979 இல் அலெப்போவில் பதிப்பிக்கப்பட்டுள்ளது. நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் அதன் ஓர் அத்தியாயத்தையேனும், அருகிலுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களோடு அமர்ந்து, படித்துச் செய்து பார்க்கலாம். நம் கரையோர ஊர்களில் எஞ்சியிருக்கும் முதிய கைவினைஞர்களிடம் சென்று, அவர்கள் கைகள் அறிந்ததை எழுதி வாங்கலாம். அவர்கள் மறைந்த பின் இப்பணிக்கு வாய்ப்பில்லை.