புதுச்சேரி பாரதி பூங்கா: நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபம் யாருக்காக? கீழ்பென்னாத்தூரில் இருந்து எப்படிப் போகலாம்?

லீவு நாளில் கீழ்பென்னாத்தூரில் இருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர் புதுச்சேரி. போகிறவர்கள் பெரும்பாலும் நேரே பீச்சுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் பாரதி பூங்காவில் மரநிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபத்தின் முன்னால் செல்ஃபி எடுத்தால் அதோடு சரி. ஆனால் அந்த மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கு.

கோட்டை இருந்த இடம்

பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை இருந்த பகுதி இது. 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பூங்காவைச் சுற்றி இப்போது சட்டப்பேரவை, பிரெஞ்சு கவர்னர் மாளிகை, அருங்காட்சியகம், ரோமன் ரோலண்ட் நூலகம் எல்லாம் இருக்கு. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியாரின் பெயர்தான் பூங்காவுக்கு.

யார் இந்த ஆயி?

16-ம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் செவிவழிக் கதை இது. இந்தப் பக்கம் வந்த விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும், கோபத்தில் இடிக்கச் சொல்லிவிட்டார். 'நானே இடித்துவிடுகிறேன்' என்று அவகாசம் கேட்ட ஆயி, வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊர் மக்களுக்காகக் குளம் வெட்டினார். அந்த இடம்தான் முத்திரப்பாளையம்.

19-ம் நூற்றாண்டில் நல்ல தண்ணீருக்குத் தவித்த புதுச்சேரி நகரத்துக்கு, பிரெஞ்சு அரசு முத்திரப்பாளையத்தில் இருந்துதான் தண்ணீர் கொண்டுவந்தது. ஆயியின் கதையைக் கேட்ட பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன், அவர் நினைவாக மண்டபம் கட்டச் சொன்னார் என்கிறார்கள். வீட்டை இழந்த அந்தப் பெண்ணின் பெயர் தாங்கிய ஆயி மண்டபம்தான் இன்று புதுச்சேரி அரசின் சின்னம்.

நம்ம செஞ்சித் தூண்கள்

பூங்காவில் இருந்து கிழக்கே சில நிமிஷம் நடந்தால் கடற்கரை காந்தி சிலை. சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியில் இருந்து வந்தவை. 1750-ல் செஞ்சிக்கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1761-ல் அதையும் இழந்தார்கள். கோட்டை கைமாறினாலும், தூண்கள் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் போகும்போது செஞ்சி மலைகளைப் பார்த்துவிட்டு, இங்கே தூண்களைப் பாருங்கள். கதை புரியும்.

எப்படிப் போவது?

கீழ்பென்னாத்தூரில் இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சுமார் 90 கி.மீ. நேரடி பஸ் கிடைக்கவில்லை என்றால் திண்டிவனத்தில் மாறிக்கொள்ளலாம். புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இருந்து பூங்காவுக்கு ஆட்டோவில் போகலாம். மணக்குள விநாயகர் கோயிலும் பக்கத்திலேயே இருப்பதால், பூங்கா, கோயில், கடற்கரை மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதனால் வேறு நாளில் போவது நல்லது. வெயில் தாழ்ந்த பிறகு பூங்காவைப் பார்த்துவிட்டு, அப்படியே கடற்கரைக்குப் போனால் சரியாக இருக்கும்.