விசைப்பதிவும் படப்பதிவும்: பழைய வீடியோ கேம்களின் சான்று எதில் எஞ்சுகிறது?

பழைய வீடியோ கேம்களின் வரலாற்றை எழுதுவோர் முன் இரு வகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று ஆட்டத்தின் நிரல். மற்றொன்று அதனை ஒருவர் ஆடியதன் பதிவு. நிரலைப் பாதுகாக்க வேண்டும் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். ஆடியதன் பதிவு எவ்வடிவில் எஞ்சுகிறது, அவ்வடிவத்தை எது தீர்மானிக்கிறது என்பவை தனியே ஆராயத்தக்க கேள்விகள்.

தொடக்கத்தில் பதிவு என்பது படமாக இருக்க வேண்டியதில்லை. 1993இல் வெளிவந்த டூம், ஆடுபவரின் அசைவுகளை மட்டும் நொடிக்கு 35 முறை குறித்துக்கொண்டது. அக்குறிப்பைத் திரும்பக் கொடுத்தால் ஆட்டம் தன்னைத் தானே மீண்டும் ஆடிக் காட்டும். பழைய ஆர்கேட் இயந்திரங்களைக் கணினியில் போலச்செய்யும் மேம் என்ற எமுலேட்டர் 1997இல் வெளிவந்தது. அதுவும் இவ்வழியையே கைக்கொண்டது. இதனை விசைப்பதிவு எனலாம்.

அதன் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நின்டென்டோவின் என்இஎஸ் கருவியின் கைப்பிடியில் எட்டு விசைகள் உள்ளன. ஒரு பிரேமுக்கு ஒரு பைட் போதும். நொடிக்குச் சுமார் 60 பிரேம் என்றால், ஒரு மணி நேர ஆட்டம் ஏறக்குறைய 216 கிலோபைட்டில் அடங்கும். அதே ஆட்டத்தின் 256×240 புள்ளிகள் கொண்ட திரையை, புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் சுருக்காமல் சேமித்தால் 26 கிகாபைட்டைத் தாண்டும். ஆயினும் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. எமுலேட்டரின் பதிப்பு மாறினால், அதன் காலக்கணக்கு இம்மியளவு பிசகினாலும், விசைப்பதிவில் தாண்ட வேண்டிய வீரன் பள்ளத்தில் விழுவான். அதன் பின் வரும் பதிவு முழுவதும் பொருளற்றுப் போகும். படப்பதிவு பெரிது, ஆனால் எமுலேட்டரின் துணையின்றித் தனித்து நிற்கும்.

2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி இந்த முரணைக் கூர்மையாக்கியது. 35 டாலர் விலை, 700 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைக்கருச் செயலி: பழைய ஆட்டங்கள் பலவற்றுக்கு இது போதுமானதாக இருந்தது. அவற்றை ஆடிக்கொண்டே படம் பிடிப்பதற்குத்தான் போதவில்லை. ரெட்ரோஆர்ச் போன்ற மென்பொருள், எஃப்எஃப்எம்பெக் வழியாகப் படத்தைச் சுருக்குகையில், ஆட்டத்தை இயக்கும் அதே செயலியின் நேரத்தைப் பங்கு கேட்கிறது. ஆட்டம் தடுமாறும், ஒலி அறுபடும். சில்லின் வரைகலைப் பகுதியில் படத்தைச் சுருக்கும் தனிச்சுற்று இருந்தும், அது கேமராவுக்குப் பயன்பட்ட அளவு எளிதாக எமுலேட்டருக்குப் பயன்படவில்லை. ஆகவே எச்டிஎம்ஐ வெளியீட்டைக் கேப்சர் கார்டு வழியே மற்றொரு கணினிக்கு அனுப்பிப் பதிவு செய்வது நம்பகமான வழியாயிற்று. 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல் அத்தனிச்சுற்றே இல்லை. சுருக்கும் வேலையை 2.4 கிகாஹெர்ட்ஸ் நாற்கருச் செயலியே ஏற்றது.

படப்பதிவைத் தேடி இவ்வளவு பாடுபடுவது வீணன்று. 2018 ஏப்ரலில், ஆட்ட மதிப்பெண்களைப் பேணும் ட்வின் கேலக்சிஸ் அமைப்பு, டாங்கி காங் ஆட்டத்தில் ஒருவர் பெற்ற சாதனை மதிப்பெண்களை நீக்கியது. அவருடைய ஒளிநாடாக்கள் மாற்றப்படாத அசல் ஆர்கேட் பலகையிலிருந்து வந்தவையல்ல என்பது அதன் முடிவு. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் படம் திரையில் உருப்பெறும் ஒழுங்கு அதற்கு முக்கியச் சான்றாயிற்று. வழக்குக்குப் பின் 2024இல் சமரசம் ஏற்பட்டு, அம்மதிப்பெண்கள் வரலாற்றுப் பட்டியலில் மீண்டும் இடம்பெற்றன. தீர்ப்பு எதுவாயினும் முறையியல் பாடம் ஒன்றுண்டு: ஏட்டைப் படியெடுத்தவரின் கைப்பழக்கம் எழுத்தில் தெரிவது போல, படத்தை வரைந்த இயந்திரத்தின் பழக்கம் படத்தில் தங்குகிறது. விசைப்பதிவில் அத்தடயம் இருப்பதில்லை.

எனவே இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஆடியவர் என்ன செய்தார் என்பதை விசைப்பதிவும், திரையில் என்ன தோன்றியது என்பதைப் படப்பதிவும் சொல்கின்றன. ஆட்டக் காணொளியை மேற்கோள் காட்டும் ஆய்வேடு, அது அசல் கருவியில் எடுக்கப்பட்டதா, எமுலேட்டரிலா, எந்தப் பதிப்பில், எந்தக் கணினியில் என்பதையும் குறிப்பிட வேண்டும். சுவடி எண் தராமல் பாடபேதம் காட்டுவதை ஏற்காத ஆய்வுலகம், இங்கு மட்டும் அத்தகவலைக் கேட்காமல் விடுவதற்குக் காரணம் இல்லை.