கெட்டுப்போதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: ஒரு வரலாறு

அழுகல், ஈரம், நாள்பட்ட வாடை ஆகியவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. அகராதியைப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவையாகத் தோன்றும். ஆனால் இவற்றின் பிறப்பிடங்கள் வேறு வேறு. சில சொற்கள் மதுப்பீப்பாயின் அருகில் பிறந்தன. சில வயலில் பிறந்தன. ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தில் வளர்ந்தது. ஒரு பொருள் கெடுவதை மக்கள் எங்கே கண்டார்கள், அதற்கு எதைக் காரணமாக எண்ணினார்கள் என்பதை இச்சொற்கள் வழியே அறியலாம். அந்த எண்ணம் தவறாக இருந்தபோது பெருந்துன்பம் நேர்ந்ததும் உண்டு.

பீப்பாயில் பிறந்த சொற்கள்

இன்று ‘ஸ்டேல்’ என்றால் புதுமை போன, நாள்பட்ட உணவு என்று பொருள். தொடக்கத்தில் இது ஒரு பாராட்டுச் சொல். ‘ஒரே இடத்தில் நிற்றல்’ என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புடையது. ‘ஏல்’ என்னும் வாற்கோதுமை மது நெடுநாள் அசையாமல் நின்றால் வண்டல் அடியில் தங்கும். மேலே தெளிந்த, வலுவான மது கிடைக்கும். அதுவே ‘ஸ்டேல்’.

‘மாய்ஸ்ட்’ என்ற சொல்லின் கதை இதற்கு நேர்மாறானது. இன்று அது ‘சற்றே ஈரமான’ என்று பொருள்படுகிறது. அதன் மூலமோ வழுவழுப்பான, பூசணம் பிடித்த பொருளைக் குறித்த ஓர் இலத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘புதிய’ என்ற பொருளும் அதற்கு இருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெஃப்ரி சாசர் எழுதிய ‘கான்டர்பரி கதைகள்’ நூலில், ஏல் மதுவில் இடும் சாதிக்காயைப் பற்றிப் பேசும் இடம் ஒன்று உண்டு. அங்கே புது மதுவுக்கு ‘மாய்ஸ்ட்’ என்றும், நாள்பட்ட மதுவுக்கு ‘ஸ்டேல்’ என்றும் பெயர். இரண்டிலும் பழிப்பு இல்லை.

பின்னர் ‘ஸ்டேல்’ ரொட்டி முதலிய உணவுகளுக்கும் வழங்கலாயிற்று. நாள்படுவதால் மது தெளியலாம். ரொட்டி காய்ந்து வீணாகத்தான் செய்யும். பாராட்டாக இருந்த சொல் குறைகூறும் சொல்லாயிற்று. புத்துணர்வுள்ள மதுவைக் குறித்த ‘மாய்ஸ்டி’ என்ற வடிவத்திலிருந்தே, பூட்டிய அறையின் பூசண வாடையைக் குறிக்கும் ‘மஸ்டி’ பிறந்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர் கருதுகின்றனர். அதே வாடையைக் குறிக்கும் ‘ஃபஸ்டி’ என்ற சொல்லுக்கு மூலம், மரப்பீப்பாயைக் குறித்த ‘ஃபுஸ்ட்’ என்னும் பழைய பிரெஞ்சுச் சொல். பீப்பாயின் வாடை ஏறிய மதுவே முதலில் ‘ஃபஸ்டி’ எனப்பட்டது.

நல்ல பொருள் தரும் சொல் தாழ்ந்த பொருளுக்கு இறங்குவதை இழிபொருட்பேறு என்பர். தமிழில் ‘நாற்றம்’ இதற்குத் தெளிந்த சான்று. பழந்தமிழில் அது நறுமணத்தையும் குறித்தது. இன்று பேச்சில் கெட்ட வாடை மட்டுமே. ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்க்’ என்ற வினையும் இவ்வாறே. பழைய ஆங்கிலத்தில் பூ மணப்பதற்கும் அச்சொல்லைப் பயன்படுத்தலாம்.

இரு மொழிக் குடும்பங்களின் சந்திப்பு

அழுகுதலைக் குறிக்கும் ‘ராட்’ பழைய ஆங்கிலச் சொல். ‘அழுகிய’ என்னும் பொருளுடைய ‘ராட்டன்’ வடபுலத்து நார்ஸ் மொழியினர் தந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் பெருகின. அவற்றுள் ஒன்று ‘டிகே’. இதன் வேர் ‘விழு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. நாம் அன்றாடம் சொல்லும் ‘ஆக்சிடென்ட்’, ‘கேஸ்’ ஆகியனவும் அதே வேரிலிருந்து வந்தவை. எண்ணெய் காறிப்போவதைச் சொல்லும் ‘ரான்சிட்’, மனத்தில் ஊறிய பகையைச் சொல்லும் ‘ரான்கர்’ இரண்டும் ஒரே குடும்பம்.

‘புட்ரிட்’ என்ற இலத்தீன் வழிச் சொல்லும் ‘ஃபவுல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் தொலைதூர உறவினர். ஆதி மொழியின் பகர ஒலி இலத்தீனில் அப்படியே நின்றது. ஜெர்மானியக் கிளையில் ‘ஃப’ ஆயிற்று. இலத்தீன் ‘பாட்டெர்’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ என நிற்பதும் இந்த விதியால்தான்.

சுரங்கத்து ஆவி

‘டேம்ப்’ என்றால் இன்று ஈரக்கசிவு. சுவரில் ஓதம் ஏறினாலும் அச்சொல்தான். ஆனால் அதன் பழைய பொருள் நீர் அன்று, ஆவி. ஜெர்மன் மொழியில் ‘டாம்ப்ஃப்’ இன்றும் நீராவியைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அது மூச்சை அடைக்கும் நச்சுக்காற்றைக் குறித்தது. ஈரம் என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் நன்கு வேரூன்றியது.

சுரங்கத் தொழிலாளர் பழைய பொருளை விடவில்லை. தீப்பற்றும் மீத்தேன் வாயு ‘ஃபயர்டேம்ப்’. மூச்சுத்திணறச் செய்யும் கரியமில வாயு மிகுந்த காற்று ‘சோக்டேம்ப்’. வெடிப்புக்குப் பின் எஞ்சும் நச்சு வாயுக்கள் ‘ஆஃப்டர்டேம்ப்’. இவற்றை வேறுபடுத்தி அறிவது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. 1812 மே 25 அன்று வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் ஃபயர்டேம்ப் வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துகளே பாதுகாப்பு விளக்குக்கான தேடலைத் தூண்டின. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுடரைச் சுற்றிக் கம்பிவலை அமைத்த விளக்கை உருவாக்கினார்.

வானத்துத் தேன்

துணியிலும் இலையிலும் படரும் பூசணத்துக்கு ‘மில்டியூ’ என்று பெயர். இதன் பழைய வடிவத்தைப் பிரித்தால் ‘தேன்’, ‘பனி’ என்ற இரு சொற்கள் கிடைக்கும். இலைமேல் காணப்படும் இனிப்பான பிசுபிசுப்பை வானிலிருந்து இறங்கிய பனி என்று மக்கள் எண்ணினர். உண்மையில் அது அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளின் கழிவு. 14-ஆம் நூற்றாண்டு முதல் இச்சொல் பயிர்மேல் படரும் பூசணத்துக்கு மாறியது. தமிழில் இதன் வகைகளைச் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்கிறோம்.

ஈரமா, உயிரியா?

இந்தக் குழப்பம் 1845-இல் அயர்லாந்தில் பெருங்கேள்வியாக எழுந்தது. உருளைக்கிழங்கு வயல்கள் கருகின; தோண்டிய கிழங்குகள் குழியிலேயே அழுகின. அந்த ஆண்டு மழையும் குளிரும் மிகுதி. செடி மிகுதியான நீரைக் குடித்ததால் அழுகிற்று என்று தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி கருதினார். அவர் இடம்பெற்ற அரசு ஆய்வுக்குழு, கிழங்குகளை உலர்த்திக் காற்றோட்டமாக வைக்கும்படி அறிவுறுத்தியது. உலர்த்தியும் கிழங்குகள் அழுகின.

பூசணம் அழுகலின் விளைவு அன்று, அதுவே காரணம் என்று பாதிரியாரும் பூஞ்சை ஆய்வாளருமான மைல்ஸ் பெர்க்லி 1846-இல் வாதிட்டார். பலர் ஏற்கவில்லை. 1861-இல் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி அதைச் சோதனை வழியே மெய்ப்பித்தார். 1876-இல் ‘ஃபைட்டாஃப்தோரா’, அதாவது ‘செடிகொல்லி’, என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். இன்றைய வகைப்பாட்டில் இது உண்மையான பூஞ்சை அன்று. நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது. ஈரம் இதற்குத் துணை மட்டுமே.

அதற்குள் பஞ்சமும் நோயும் ஏறக்குறைய 10 லட்சம் உயிர்களைக் கொண்டுசென்றன. 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த அயர்லாந்து மக்கள்தொகை, இறப்பாலும் புலம்பெயர்வாலும் 1851-இல் ஏறத்தாழ 65 லட்சமாகக் குறைந்தது. மருந்தை அறிந்திருந்தால் மட்டும் அத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று சொல்ல முடியாது. உணவு விநியோகமும் அரசின் கொள்கையும் பஞ்சத்தில் பெரும்பங்கு வகித்தன. எனினும் நோய்க்கு மருந்தே அன்று இல்லை. 1885-இல் பிரான்சில் மில்லார்டே என்பவர் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவையை அறிவித்தார். நம் உழவர்களும் அறிந்த போர்டோ கலவை அதுவே. உருளைக்கிழங்கின் கருகல் நோயையும் அது தடுத்தது.

‘மில்டியூ’ என்ற சொல்லில் தேனும் பனியும் இன்றும் இருக்கின்றன. ‘டேம்ப்’ இன்றும் சுரங்கத்தில் வாயுவைக் குறிக்கிறது. காரணம் திருத்தப்பட்ட பிறகும் பெயர் மாறுவதில்லை. ஆகவே ஒரு சொல்லின் வேரை அறிந்த மாணவர், முன்னோர் என்ன நினைத்தார்கள் என்பதை அதிலிருந்து கற்கலாம். அவர்கள் நினைத்தது சரியா என்பதைத் தனியே சோதித்துத்தான் அறிய வேண்டும்.