வைகறையில் விழித்திருப்போர்

முற்காலச் சோழரின் தலைநகராய் விளங்கிய உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாய் அடங்கிவிட்டது. நாழிகை வட்டிலில் நீரளந்து பொழுது கணித்த நம் முன்னோர், ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் யாமத்தை அடுத்து, விடியும்வரை உள்ள பொழுதே வைகறை. ரமலானில் சஹருக்கு எழும் நமக்கு அதன் இயல்பு நன்கு தெரியும். உடல் எழுந்தமர்ந்த பின்னும் அறிவு எழச் சற்று நேரமாகும்.

இத்தகைய பொழுதுகளில்தான் வளைகுடாவிலிருந்து நம் பிள்ளைகள் பலர் திருச்சியில் வந்திறங்குகின்றனர். 1938-இல் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானங்கள் கொழும்புக்குச் செல்லும் வழியில் இறங்கிய நிலையம் அது. 2012-இல் பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தாருள், மேலே கோபுரத்தில் விழித்திருக்கும் கட்டுப்பாட்டாளரை எண்ணுவோர் எத்தனை பேர்?

அவர் எப்போது உறங்கினார் என்ற கேள்வியை உலகம் காலந்தாழ்த்தியே கேட்டது. அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய ஒரு முறையில், வாரத்தின் ஐந்து பணிகளும் மாலை, காலை, இரவு என நெருக்கி அடுக்கப்பட்டன. இறுதியில் நீண்ட விடுமுறை கிட்டியதால் பணியாளரே அதனை விரும்பினர் என்பதையும் நாம் மறைத்தலாகாது.

2006 ஆகஸ்டு 27 அன்று, கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், விடியுமுன் ஒரு விமானம் தவறான குறுகிய ஓடுபாதையில் ஓடி நொறுங்கியது. 49 பேர் மாண்டனர். முதன்மைத் தவறு விமானிகளுடையதே என விசாரணை முடிவு செய்தது. எனினும், கோபுரத்தில் தனித்திருந்த கட்டுப்பாட்டாளர் புறப்பட அனுமதி தந்தபின் வேறு அலுவலுக்குத் திரும்பிவிட்டார். முந்திய நாள் காலை ஆறரை முதல் பிற்பகல் இரண்டரை வரை உழைத்து, இரவு பதினொன்றரைக்கு மீண்டும் வந்தவர் அவர். இடையில் ஒன்பது மணி நேரம் இருந்தும் உறங்கியது ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. சோம்பலோ அலட்சியமோ இதற்குக் காரணமன்று. மாலைப் பொழுதில் உடலின் உட்கடிகாரம் விழிப்பை நோக்கியே இயங்குவதால், படுத்தாலும் கண் அயராது. அட்டவணை எழுதுவோர் ஓய்வென்று குறிக்கும் நேரமெல்லாம் உறக்கமாகிவிடுவதில்லை.

விமானியின் உறக்கமும் இதே கணக்கில் சேரும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் விடியற்காலையில் விபத்துக்குள்ளாகி 158 பேர் இறந்தனர். வழியில் தலைமை விமானி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கியதை ஒலிப்பதிவு காட்டிற்று. அரைத் தூக்கத்தில் எழுந்தவரின் மயக்கம் எத்தகையது என்பதற்குச் சஹர் வேளையே நமக்குச் சான்று.

அமெரிக்கா 2011-இல் இரு பணிகளுக்கிடையே குறைந்த அளவு இடைவெளியை எட்டிலிருந்து ஒன்பது மணியாக்கியது. 2024-இல் பத்து மணியென்றும், நள்ளிரவுப் பணிக்கு முன் பன்னிரண்டு மணியென்றும் அறிவித்தது. கட்டுப்பாட்டாளரின் பணிநேரத்துக்கும் ஓய்வுக்கும் ஒவ்வொரு நாடும் வரம்பு வகுக்க வேண்டுமென்ற பன்னாட்டு விதி 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் வரம்புகள் உள்ளன. ஆனால் வரம்பைக் காக்க ஆட்கள் வேண்டுமன்றோ? 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் அவர்தம் களைப்பையும் எடுத்துக்காட்டி, அந்த வரம்புகளிலிருந்தே விலக்குக் கோரப்படுவதையும் குறிப்பிட்டது.