பெற்றோர் சரிதமும் பிள்ளைகள் கடனும்

மன்ற நிறுவனரின் வரலாற்றை அவர்தம் மக்களே எழுதி வெளியிடும் விழா இது. அன்னாரின் தொண்டுகளை இம்மலரில் மீண்டும் அடுக்க வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்தவை. பெற்றோர் வரலாற்றைப் பிள்ளை எழுதும் மரபு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்பதே விழாக்குழுவினர் இட்ட பணி.

முதலில் நினைவுக்கு வருபவர் தம்பிரான் தோழர். திருவாரூரில் திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர், அடியார்களையெல்லாம் வணங்கிவிட்டு, கடைசிப் பாட்டில் தந்தை சடையனார் பெயரையும் தாய் இசைஞானியார் பெயரையும் வைத்தார். தாம் இன்னாருடைய மகன் என்று சொல்லிக்கொண்டதோடு சரி. ஆனால் அந்த இரு பெயர்களும் நிலைத்துவிட்டன. நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் போற்றினார். சேக்கிழார் ஆளுக்கு ஒரே பாட்டில் புராணம் அமைத்தார். அறுபத்துமூவர் விழாவில் இன்றும் இருவரும் எழுந்தருளுகிறார்கள். பெற்றவர்களோடு நில்லாமல், தம்மை வளர்த்த நரசிங்க முனையரையருக்கும் அத்தொகையில் இடம் தந்தார் வன்தொண்டர். இதைவிடச் சிறிய சரிதமும் இல்லை, இதைவிட நெடுங்காலம் வாழ்ந்த சரிதமும் இல்லை.

அச்சுக்காலத்துக்கு வந்தால் உ.வே.சா.வின் குடும்பம். ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பெயர்தான் ‘என் சரித்திரம்’. முன்பகுதியில் நிறைந்து நிற்பவர் தந்தை வேங்கடசுப்பையர். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர், சங்கீதத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர், மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆசிரியர் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தவர். அந்த அலைச்சல் 1871-இல் மாயூரத்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டில் முடிந்தது. தந்தையின் குருவான கிருஷ்ணையருக்கும் தனி நூல் எழுதி வைத்தார் மகன். தம் ஆசிரியரின் சரித்திரத்தையோ 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்.

1942 ஏப்ரலில் ஐயர் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தபோது தொடர் பாதியில் நின்றது. வாழ்க்கையில் ஏறத்தாழ நாற்பதாண்டுக் கதை எழுதப்படவே இல்லை. எழுதிய வரைக்கும் திரட்டி 1950-இல் நூலாக்கியவர் மகன் கலியாணசுந்தரையர். தந்தையின் சரித்திரத்தைத் தாம் எழுதாமலே காப்பாற்றிக் கொடுத்த மகன்!

மறைமலையடிகளின் வரலாற்றை அவர் மகன் மறை. திருநாவுக்கரசு எழுதினார். அடிகள் பல்லாண்டுகள் விடாமல் நாட்குறிப்பு எழுதியவர், அதுவும் ஆங்கிலத்தில். தனித்தமிழ் இயக்கத்தின் தலைவரா என்று வியப்பவர்கள் வியக்கட்டும். தேதியிட்ட அந்தக் குறிப்புகள் வரலாற்றாசிரியனுக்குப் புதையல். பாரதியின் இளைய மகள் சகுந்தலா ‘என் தந்தை’ எழுதியபோது அவருக்கு நினைவுதான் பெருந்துணை. 1921-இல் தந்தையை இழந்தபோது அவர் சிறுமி.

மேல்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. பிரான்சிஸ் டார்வின் 1887-இல் தந்தை சார்லஸ் டார்வினின் வாழ்வையும் கடிதங்களையும் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அதில் தன்வரலாற்றுப் பகுதியிலிருந்து சமயம் பற்றிய சில வரிகள் குடும்பத்தாரின் விருப்பப்படி விடப்பட்டன. சார்லஸ் டார்வினின் பேத்தி நோரா பார்லோ 1958-இல் அவற்றைச் சேர்த்து வெளியிட்டார். மறைத்தது எழுபதாண்டுக்குப் பிறகு வெளிவந்தது, மறைத்த செய்தியோடு சேர்ந்து.

மன்றத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் கிடக்கும் அப்பாவின் கடிதங்களையும் கணக்கு நோட்டையும் அம்மா கைப்பட எழுதிய பாட்டு நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். புகைப்படங்களின் பின்னால் ஆள், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். விவரம் சொல்லக்கூடிய அத்தையும் பெரியப்பாவும் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றைக் கொண்டு பெற்றோர் சரிதத்தை எழுதி அச்சிட்டால், பிரதிகளில் இரண்டை மன்ற நூலகத்துக்கும் தாருங்கள்.