இடம் மாறிய பப்

மான்செஸ்டரில் ஓல்ட் வெலிங்டன் என்றொரு பப் இருக்கிறது. கறுப்பு மரச்சட்டம், நடுவே வெள்ளைப் பூச்சு. கட்டியது 1552இல். இப்போது நிற்கும் இடத்துக்கு வந்தது 1999இல்தான்! இதை முதலில் படித்தபோது ஏதோ தேதிப் பிழை என்றே நினைத்தேன்.

எப்படி முடிந்தது? நம் செங்கல் வீடுகளில் சுவர்தான் பாரம் தாங்கும். இங்கே அப்படியில்லை. ஓக் தூண்களும் உத்திரங்களும் சேர்ந்த கூடுதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. சுவர் என்று நமக்குத் தெரிவது சட்டங்களுக்கு நடுவே அடைத்த அடைப்பு மட்டுமே. அந்தக் காலத்தில் குச்சிகளைப் பின்னி அதன்மேல் களிமண் அப்புவார்கள்.

மூட்டுகள் இன்னும் சுவாரசியமானவை. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் கழுந்து, இரண்டையும் குறுக்கே துளைத்து அடித்த மர ஆணி. இத்தகைய கூடுகளைத் தச்சர்கள் பெரும்பாலும் பட்டறையிலேயே கோத்துப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண் போன்ற கீறல் போட்டு, கழற்றி, மனைக்குக் கொண்டுபோய் மறுபடி கோப்பார்கள். கழற்றுவது என்பது கட்டும் முறையிலேயே இருந்த ஒரு படி.

1970களில் சுற்றியிருந்த பகுதியைத் திருத்திக் கட்டியபோது, இந்தக் கட்டிடத்தை அப்படியே நாலே முக்கால் அடி உயர்த்தினார்கள். 1996 ஜூன் 15 அன்று ஐ.ஆர்.ஏ. குண்டு நகர மையத்தைச் சிதைத்தது. அதற்குப் பின் வந்த புதிய நகரத் திட்டத்தில் பப் இடைஞ்சலாகிவிட்டது. கழற்றி, சுமார் 300 மீட்டர் தள்ளி, கதீட்ரல் பக்கத்தில் மறுபடி நிறுத்தினார்கள். பக்கத்திலேயே ஒட்டியிருந்த சின்கிளேர்ஸ் கட்டிடமும் கூடவே வந்தது. ஆனால் புது இடத்தில் இரண்டும் 'ட' மாதிரி செங்கோணத்தில் நிற்கின்றன.

அப்படியானால் இது அதே பப்தானா? தெருவோடு அதற்கு இருந்த உறவு போய்விட்டது, இது போலி என்று சொல்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பழைய சந்தைப் பகுதியின் பெரும்பகுதி 1940 டிசம்பர் குண்டுவீச்சிலேயே அழிந்துவிட்டது. பப் இடத்தை விட்டுப் போவதற்கு ஐம்பத்தொன்பது வருஷம் முன்னாலேயே இடம் பப்பை விட்டுப் போய்விட்டது. மிஞ்சியது கூடு மட்டும்தான். கழற்றிக் கோக்கவே செய்த கூட்டைக் கழற்றிக் கோத்ததில் தப்பில்லை என்பது என் கட்சி. அந்த செங்கோணம்தான் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.